எஃகுச் சட்டம் தேர்ந்த வரலாறு

சைக்கிளைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் புன்முறுவல் செய்யக்கூடும். கம்பனையும் வள்ளுவரையும் பற்றி எழுதுவோர் நம் கலாசாலையில் பலர் உளர். அவர்கள் எழுதுவனவற்றை நானும் விருப்புடன் படிப்பவனே. ஆயினும், கையிலுள்ள சொற்பத் தொகையைக் கொண்டு ஒரு சைக்கிளைத் தானே கூட்டி அமைத்துக்கொள்ள முற்படுகிறவனுக்கு எவ்வளவு யோசனையும் எவ்வளவு கணக்கும் வேண்டியிருக்கின்றன என்பதை அறிந்தவர் சிலரே. அவ்வனுபவம் எனக்கு வாய்த்தது. விடுதி மாணவர்களும், ஆய்வுக்கூடத்து நண்பர் ஒருவரும் என் வண்டியைச் சுற்றிவந்து பார்த்து, "இதை எங்கே வாங்கினீர்? என்ன விலை?" என்று வினவுவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே விடை கூறுவதினும் ஒருமுறை எழுதிவிடுதல் நலமென்று கருதினேன்.

முதலில் எனக்கு நேர்ந்த அவசியத்தைச் சொல்லவேண்டும். எங்கள் சிற்றூர் பண்ருட்டியைச் சார்ந்தது. செம்மண்ணும் மணலும் கலந்த மேட்டு நிலம். பலாவும் முந்திரியுமே முக்கிய விளைபொருள்கள். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு உண்டு. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய 'தானே' புயல், அத்தோப்பின் பழைய மரங்களை ஒரே காலைப்பொழுதில் வேரோடு சாய்த்துவிட்டது. மறு ஆண்டு என் தந்தையார் கடன் வாங்கி ஒட்டுக்கன்றுகள் நட்டார். இன்று எங்கள் குடும்பம் உண்பது அம்மரங்களின் தயவால்.

முந்திரியின் விளைவுகாலம் மாசி முதல் வைகாசி வரை. பழுத்து விழும் கொட்டைகளை விடியற்காலையிலேயே பொறுக்கிவிட வேண்டும். தாமதித்தால் வேறு கைகள் பொறுக்கிவிடும். ஆதலால் அந்நாட்களில் இரவு தோப்பிலேயே படுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பல்லாண்டுகளாகத் தந்தையாரே இவ்வேலையைச் செய்துவந்தார். நான் மூன்றாம் ஆண்டு வகுப்பில் இருந்தபோது அவருக்கு முழங்கால் நோவு மிகுந்து, சைக்கிள் மிதிக்கலாகாதென வைத்தியர் தடுத்துவிட்டார். "தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுகிறேன், தம்பி, நீ படிப்பைப் பார்" என்று தந்தையார் கூறினார். குத்தகைக்கு விட்டால் வரும்படியில் பாதியும் கைக்கு வராது. கன்று நட்ட கடனில் ஒரு பங்கு அப்போதும் பாக்கி நின்றது. நான் தோப்பிற் படுத்து, விடியலில் கொட்டை பொறுக்கி, இருபது கிலோ மூட்டையோடு வீடு சேர்ந்து, குளித்து, பண்ருட்டி ஸ்டேஷனில் காலை ரயிலைப் பிடித்துத் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினால் இரண்டும் நடக்கும். ஒரு நாள் ரயில் தவறினால் ஒரு நாள் வருகை போயிற்று. நூற்றுக்கு எழுபத்தைந்து வருகையில்லாதவன் பரீட்சை எழுதலாகாது என்பதை இங்கு எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

தோப்புக்குப் போகும் வழியில் இரண்டு கிலோமீட்டர் வெறும் மணற்பாதை. தந்தையாரின் 28 அங்குலச் சைக்கிள் அதில் அரை அடி புதையும். ஒன்றரை அங்குல அகலமுள்ள டயருக்கு அதுவே கதி. பதினோராம் வகுப்பில் அரசினர் எனக்களித்த விலையில்லாச் சைக்கிளும் டயர் மெலிந்ததே. அதில் இப்பொழுது என் தம்பி பள்ளி சென்று வருகிறான். மொபெட் வாங்கலாமே என்பார்க்கு விடை, கையிருப்பு 7,500 ரூபாய் என்பதே. இரண்டு பலாமரங்களின் காய் விற்ற பணமும், உபகாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் சேர்ந்தது அத்தொகை. அதற்குமேல் ஒரு ரூபாயும் எதிர்பார்க்க இடமில்லை. மணலில் ஓட இரண்டங்குல டயர் வேண்டும். அத்தகைய டயருக்கு இடங்கொடுப்பது மலைச்சைக்கிளின் பிரேம். இவ்வாறு, மலையென்று சொல்ல ஒரு குன்றும் இல்லாத ஊரில் நான் மலைச்சைக்கிள் தேடத் தொடங்கினேன்.

கடலூரில் நான் பார்த்த கடைகளில், இத்தொகைக்குக் கிடைக்கும் புதிய வண்டிகள் பார்வைக்குக் கம்பீரமானவை. முன்னே இரு சுருள்வில், பின்னே ஒரு சுருள்வில், தடித்த குழாய், கண்ணைப் பறிக்கும் எழுத்து. அவற்றைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன்: விலை குறைந்த வண்டியில் சுருள்வில் என்பது பாரமேயன்றி உபகாரமன்று. மிதிக்கும்போது காலின் உழைப்பில் ஒரு பகுதியை அது விழுங்குகிறது. பின்வில் சுழலும் மூட்டின் புஷ்கள் ஓராண்டில் தேய்ந்து ஆடத் தொடங்கும். ஆடத் தொடங்கியபின் மாற்றுச் சாமான் கிடைப்பதரிது. வில்லுக்குச் செலவான பணம் ஹப்பிலும் ரிம்மிலும் குறைக்கப்பட்டிருக்கும் என்பதும் வெளிப்படை. மேடுபள்ளத்தின் அதிர்ச்சியைத் தாங்க, காற்றைச் சற்றுக் குறைத்து அடித்த அகல டயரே போதும்.

ஆகவே பழைய பிரேம் ஒன்றை வாங்கி, மற்றச் சாமான்களைச் சேர்த்துக் கட்டிக்கொள்வதே வழி. இனி, பிரேம் எந்த உலோகம்? விடுதித் தோழர் ஒருவர் தம் பழைய அலுமினியப் பிரேமைக் குறைந்த விலைக்கே தர முன்வந்தார். அது கையில் எடுத்தால் இலேசு. அலுமினியத்தின் அடர்த்தி எஃகினதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. வளையாது நிற்கும் விறைப்பும் அவ்வாறே மூன்றில் ஒரு பங்கு. பௌதிக வகுப்பில் யங் குணகம் என்று படிக்கிறோமே, அது எஃகுக்கு ஏறத்தாழ 200 கிகா பாஸ்கல், அலுமினியத்துக்கு 70. அக்குறையை ஈடுசெய்யவே அலுமினியக் குழாய்களைப் பெருத்த விட்டமுடையனவாகச் செய்கின்றனர். அது குற்றமன்று. என்னைத் தயங்கச் செய்தவை வேறிரண்டு. எஃகுக்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லைக்குக் குறைந்த அதிர்ச்சியை எத்தனை இலட்சம் முறை ஏற்றாலும் அது களைத்து முறிவதில்லை. அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை கிடையாது. சிற்றதிர்ச்சியும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது, முறிந்தால் யார் ஒட்டுவது? அலுமினியப் பிரேமை வெல்டிங் செய்தபின் சூளையிலிட்டு முறைப்படி பதப்படுத்தினாலன்றி ஒட்டிய இடத்தில் வலிமை திரும்பாது. பண்ருட்டியில் எஃகைப் பற்றவைப்பவர் தெருவுக்கு ஒருவர் உண்டு. அலுமினியத்தைச் சூளையிலிடுவார் எவரும் இல்லை. காலை ஐந்து மணிக்குத் தோப்பில் பிரேம் விரிந்தால் மாலைக்குள் சீர்ப்பட வேண்டியவனுக்கு எஃகே துணை. தோழருக்கு நன்றி கூறி விடைபெற்றேன்.

இவ்விடத்தில் மலைச்சைக்கிளின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லுதல் தகும்; அது என்னைப் போன்ற காசற்றவர்களின் சரித்திரம். 1970-களில் அமெரிக்காவின் காலிபோர்னியா மாகாணத்து மாரின் கவுண்டியில், டமல்பாயிஸ் மலைச்சரிவுகளில் இறங்கி விளையாடிய இளைஞர் சிலர், பழைய சாமான் கடைகளிற் கிடந்த ஷ்வின் கம்பெனிப் பிரேம்களைத் தேடியெடுத்து ஓட்டினர். 1933-ல் ஷ்வின் கம்பெனியார் 26 அங்குலச் சக்கரத்தில் இரண்டங்குலத்துக்கு மேற்பட்ட பருத்த டயரை வெளியிட்டிருந்தனர். அப்பிரேம்களில் பருத்த டயருக்கு இடமிருந்ததே அவற்றைத் தேடியதன் காரணம். 1976 முதல் அங்கே நடந்த பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். மலையிலிருந்து ஒருமுறை இறங்குவதற்குள் பின்ஹப் பிரேக் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்துபோம். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அப்பெயர் வந்தது. 1977-ல் ஜோ பிரீஸ் என்பவர் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களால் இதற்கென்றே தனிப் பிரேம் கட்டினார். 1979-ல் கேரி பிஷரும் சார்லி கெல்லியும், டாம் ரிட்சி கட்டிய பிரேம்களைக் கொண்டு வியாபாரமே தொடங்கிவிட்டனர். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியாரின் 'ஸ்டம்ப்ஜம்பர்' தொழிற்சாலையிற் பலவாக உற்பத்தியாகி விலைக்கு வந்தது. இன்று இலட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் அவ்வண்டிக்கு மூதாதை, குப்பையிற் பொறுக்கிய பிரேம்தான் என்பதை அறிந்தபோது எனக்கு ஒருவகைத் தைரியம் பிறந்தது.

குரோம்-மாலிப்டினம் என்றேன். சைக்கிள் பிரியர்கள் இதனைக் 'குரோமோலி' என்று செல்லமாகக் கூறி உருகுவர். நானும் உருகியவனே. சாதாரணப் பிரேம் எஃகில் கரியும் மாங்கனீசும் சிறிதளவு உண்டு. குரோமோலியில் நூற்றுக்கு ஒரு பங்கு போலக் குரோமியமும், கால் பங்குக்குட்பட்ட மாலிப்டினமும் கலந்திருக்கும். அதனால் வலிமை வெகுவாக உயரும். வலிமை உயர்ந்தால் குழாயின் சுவரை மெலிதாக்கலாம், பாரம் குறையும். குழாயின் இரு முனைகளையும் தடிப்பாக விட்டு, நடுவை மாத்திரம் மெலிதாக இழைக்கும் உபாயத்துக்கு இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து ஆல்பிரட் ரெய்னால்ட்ஸ் 1897-லேயே உரிமை பெற்றார். வெப்பம் பட்டுப் பலம் குறையும் இடம் குழாயின் முனை; ஆங்கு தடிப்பு வேண்டும்; நடுவில் வேண்டாம். எளிய எண்ணமே, ஆயினும் சைக்கிளின் எடையைப் பெரிதும் குறைத்தது. அக்கம்பெனியின் புகழ்பெற்ற '531' என்னும் மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகு 1935-ல் வந்தது.

ரெய்னால்ட்ஸ் கம்பெனி 1928-ல் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் குழுமத்தோடு இணைந்தது. அதே குழுமம்தான் 1949-ல் முருகப்பா குடும்பத்தாரோடு கூடிச் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையை நிறுவியது. பர்மிங்காமின் 'ஹெர்க்குலிஸ்' என்னும் பெயர் நம் தெருக்களில் ஓடலாயிற்று. அக்குழுமத் தலைவராயிருந்த சர் ஐவன் ஸ்டெட்போர்டின் பெயர் அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இன்றும் வழங்குகிறது. உற்றுப் பார்த்தால், நம்மூர்ப் பழைய இரும்புக் கடையிற் கிடக்கும் ஹெர்க்குலிஸ் பிரேமுக்கும் சீமை ரெய்னால்ட்ஸ் குழாய்க்கும் ஒருவகையில் தாயாதி உறவு உண்டு.

இரண்டு மாதங்களில் இரண்டு பிரேம்கள் என்னெதிரே வந்தன. ஒன்று புதுச்சேரியில் ஓர் அன்பரிடமிருந்தது. அயல்நாட்டில் செய்த குரோமோலி. சொல்லப்பட்ட விலை 5,000 ரூபாய். மற்றொன்று நெய்வேலி நகரியத்தில் பழஞ்சாமான் வாங்குவோரிடம் கிடந்த ஹெர்க்குலிஸ் மலைச்சைக்கிள் பிரேம், சாதாரண எஃகு, அம்பத்தூரிற் செய்தது, விலை 600 ரூபாய். நெய்வேலியில் உத்தியோகஸ்தர்களின் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் சென்றபின் இத்தகைய வண்டிகள் மாடிப்படியின் கீழிருந்து வெளிவருவதுண்டு. பெரும்பாலும் அதிகம் ஓடாதவை. தேடுகிற மாணவர்கள் அப்பக்கம் ஒருமுறை போய்வருவது வீண்போகாது.

பண்ருட்டியில் எனக்கு நெடுநாள் அறிமுகமான சைக்கிள் கடைக்காரர் ஒருவர் உண்டு. ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பர், நானும் அவ்வாறே. வயது எழுபதை அணுகியவர். இரு பிரேம்களையும் பார்வையிட அவரை வேண்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்கும் மறு ஞாயிற்றுக்கிழமை நெய்வேலிக்கும் பஸ்ஸில் உடன் வந்தார். கூலி கேட்கவில்லை; பஸ் செலவும் பிரியாணியும் மாத்திரம் என்னுடையவை.

அவரிடம் நான் கற்றவற்றை இங்கு எழுதுவது பயன்படும். பிரேமின் பெயர்ச்சீட்டை நம்பலாகாது, யாரும் ஒட்டலாம். சீட் நுழையும் குழாயை அளக்க வேண்டும். இரு பிரேம்களிலும் அக்குழாயின் வெளிவிட்டம் 28.6 மில்லிமீட்டர். புதுச்சேரிப் பிரேமில் நுழையும் சீட் பில்லர் 27.2, ஆகவே குழாயின் சுவர் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டரே. அத்துணை மெல்லிய சுவர் உயர்ந்த எஃகிற்றான் சாத்தியம், சீட்டு பொய்யன்று. நெய்வேலிப் பிரேமில் நுழைவது 25.4, சுவர் 1.6 மில்லிமீட்டர். இது சாதாரண எஃகு. விரல் நகத்தால் சுண்டினாலும் தெரியும்: முன்னது வெண்கலக் கிண்ணம்போல் ஒலிக்கும், பின்னது மண்பானைபோல்.

அடுத்துப் பார்ப்பது, வண்டி எதன் மேலேனும் மோதியதா என்பது. ஹேண்டில் நுழையும் தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்புறத்தில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். மோதிய பிரேமில் அவ்விடத்தில் ஒரு வீக்கமோ, பெயிண்டில் நுண்ணிய சுருக்கமோ தட்டுப்படும். "பெயிண்டைப் பார்க்காதீர்கள் தம்பி, பெயிண்டு எங்கே மடிந்திருக்கிறது என்று பாருங்கள்" என்றார் பாய். பிறகு ஒரு நூலை எடுத்து, பின்சக்கரம் மாட்டும் வலது முனையில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து இடது முனையில் இறுக்கினார். நூலுக்கும் சீட்குழாய்க்கும் உள்ள இடைவெளி இருபுறமும் ஒத்திருந்தால் பிரேம் நேர், வேறுபட்டால் கோணல். நெய்வேலிப் பிரேமில் இரண்டு மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. இது எஃகாதலின் கவலையில்லை. குளிர்ந்த நிலையிலேயே நெம்பி நிமிர்த்திவிடலாம் என்று அவர் கூறினார். பின்னர் அவ்வாறே ஒரு கட்டையைக் கொடுத்து நிமிர்த்தியும் விட்டார். அலுமினியத்தில் இவ்வித்தையைச் செய்யலாகாது.

கடைசியாக, பெடல் அச்சு சுழலும் அடிக்கூட்டினுள் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். மழைநீர் குழாய்களின் வழியே இறங்கித் தங்குமிடம் அதுவே; துரு உண்ணத் தொடங்குவதும் ஆங்கேதான். அதன் மரையும் கெடாதிருக்க வேண்டும். நம் சைக்கிள்களிற் பெரும்பாலனவற்றில் வலப்புறக் கப்பின் மரை இடமாகச் சுழல்வது. அதை அறியாதார் வலிந்து திருகிக் கெடுத்திருப்பர். புதுச்சேரிப் பிரேம் இவ்வெல்லாச் சோதனையிலும் தேறியது. நெய்வேலிப் பிரேமில் மேற்றுரு மாத்திரம் இருந்தது. சுவர் தடிப்பானமையால் அது பொருட்படுத்தத்தக்கதன்று.

இனித் தேர்வு என்னுடையது. என் மனம் முழுதும் புதுச்சேரியில் இருந்தது என்பதை மறைப்பானேன்? மேகவர்ண நீலம், மூட்டுக்களில் பித்தளைப் பற்று ஒரு நூலிழையும் தவறாது படிந்திருந்தது, சிற்பியின் வேலை எனலாம். கொட்டை நிறுக்கும் தராசு போன்ற ஒன்று அன்பர் வீட்டிலும் இருந்தது; நிறுத்தேன்: 2.2 கிலோ. நெய்வேலிப் பிரேம் 3.1 கிலோ. வித்தியாசம் 900 கிராம். ஒரு கிலோவுக்குக் குறைந்த அவ்வித்தியாசத்துக்கு நான் கொடுக்கவேண்டிய அதிகப்படி விலை 4,400 ரூபாய். எஞ்சும் 2,500 ரூபாயில் இரண்டு சக்கரம், டயர், பிரேக், செயின், கிராங்க் எல்லாம் வாங்க வேண்டும். அவற்றுட் பாதி பழஞ்சாமானாகவே முடியும். நான் ஏற்றப்போவதோ இருபது கிலோ முந்திரிக் கொட்டை.

வலிமை மிக்க எஃகாயின் மிதிக்கும்போது விறைப்பாக நிற்குமே என்று சிலர் வாதிப்பர். இது பலரும் கொண்டுள்ள தவறான எண்ணம். மேலே சொன்ன யங் குணகம் சாதாரண எஃகுக்கும் குரோமோலிக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒரே விட்டம், ஒரே சுவருள்ள இரு குழாய்களுள் ஒன்று சாதாரணம், ஒன்று குரோமோலி எனின், இரண்டும் ஒரே பாரத்துக்கு ஒரே அளவே வளையும். குரோமோலியின் மேன்மை, வளைந்தபின் மீளாது மடங்கும் எல்லை அதற்கு வெகுதூரத்தில் இருப்பது. அந்த வசதியைக் கொண்டு சுவரை மெலிதாக்குகிறார்கள். மெலிதாக்கிய பிரேம், தடித்த சாதாரணப் பிரேமைவிட உண்மையிற் சிறிது அதிகமாகவே வளைந்து கொடுக்கும். மேடுபள்ளத்தில் அது சுகமாயிருப்பதன் இரகசியம் அதுவே. மூட்டை ஏற்றுகிறவனுக்கு அச்சுகம் அவசியமன்று.

இன்னுமொரு காரணம் சிறிதாயினும் முடிவாக அமைந்தது. எனக்குப் பல கியர் வேண்டியதில்லை. மணலும் உப்புக்காற்றும் உள்ள இடத்தில் கியர் மாற்றும் நுண்கருவிகள் நெடுநாள் வாழா. ஒற்றைக் கியரெனில், செயினை இறுக்கப் பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதற்குப் பின்முனையில் கிடையான நீண்ட துளை வேண்டும். நெய்வேலிப் பிரேமில் அது இருந்தது. புதுச்சேரிப் பிரேமின் துளை செங்குத்தானது. அதில் ஒற்றைக் கியர் பூட்ட, செயினை இழுத்துப் பிடிக்கும் வேறொரு கருவி தேவை. நான் 600 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். நீலப் பிரேமை இன்றும் நினைக்கிறேன், அது வேறு.

பிரேமோடு போர்க் இல்லை. போர்க் தேடுகையில் அதன் தண்டின் விட்டமும் நீளமும் தலைக்குழாயோடு ஒத்திருக்க வேண்டும். தண்டு நீண்டால் அறுத்துக்கொள்ளலாம், குறைந்தால் பயனில்லை. சுருள்வில் இல்லாத எஃகுப் போர்க் ஒன்று 350 ரூபாய்க்குக் கிடைத்தது. சுருள்வில் போர்க்கை இப்பிரேமில் மாட்டியிருந்தால் முன்புறம் உயர்ந்து, ஹேண்டில் மந்தமாகத் திரும்பும். பிரேம் எந்தப் போர்க்குக்கென்று அமைக்கப்பட்டதோ அதனையே மாட்டல் வேண்டும்.

மிஞ்சிய பணத்தில் பெரும்பங்கு சக்கரத்துக்குச் சென்றது. அதுவே நியாயம் என்பது என் துணிபு. இங்கு ஓர் எச்சரிக்கை. 26 அங்குலம் என்று எழுதப்பட்ட டயர்கள் எல்லாம் ஒன்றல்ல. 26 × 1⅜ என்பதன் ரிம் 590 மில்லிமீட்டர். மலைச்சைக்கிளின் 26 × 2 என்பதன் ரிம் 559. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயரின் ஓரத்தில் பொடியெழுத்தில் இவ்வெண் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படித்தே வாங்குக. ரிம் அலுமினியக் கலப்பாக இருத்தல் நலம். பிரேம் எஃகென்றேனே, ரிம்முக்கு அது பொருந்தாது. குரோமியம் பூசிய எஃகு ரிம் ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கிக்கொண்டே போகும். ஹப், ரிம், ஸ்போக்ஸ், பாயின் கூலி எல்லாமாக இரு சக்கரங்களுக்கு 2,400 ரூபாய். டயரும் ட்யூபும் 1,150.

கியரைப் பற்றிச் சிறு கணக்கு. தந்தையாரின் வண்டியில் முன் பல்சக்கரத்துக்கு 48 பல், பின்னதற்கு 18. 28 அங்குலச் சக்கரம். ஒருமுறை மிதித்தால் ஏறக்குறைய ஆறு மீட்டர் ஓடும். மணலில் அவ்வளவு பாரமான மிதியை எவராலும் சுழற்றலாகாது. நான் முன்னே 36 பல்லும் பின்னே 18 பல்லும் அமைத்தேன். ஒரு மிதிக்கு 4.15 மீட்டர். நிமிஷத்துக்கு அறுபது முறை மிதித்தால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகம் வரும். ரயிலைப் பிடிக்க அது போதும். கிராங்க், செயின், பிரீவீல், அடிக்கூட்டுச் சாமான் சேர்த்து 1,050. பின்முனைகளின் இடைவெளி ஒற்றைக் கியர் ஹப்புக்குச் சற்று அகலம். வாஷர்களை இட்டு நிரப்பினோம்.

பிரேக்குக்கு 550, ஹேண்டில், சீட் முதலியவற்றுக்கு 500. மேற்குழாயைப் பற்றி ஒரு சொல். புதுக்கோட்டையில் 1991-ஐ ஒட்டி அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றனர். பெண்களுக்குரிய வண்டி கிடைக்காமல் ஆண்களின் வண்டியையே பலர் வாங்கினர். அதிலுள்ள பாரில் குழந்தையை உட்காரவைக்கலாமென்று அதனையே விரும்பியவர்களும் உண்டாம். மலைச்சைக்கிளின் பார் பின்னோக்கிச் சரிந்திருப்பதால் அதில் யாரும் உட்கார இயலாது. ஆனால் மணலில் சக்கரம் சிக்கித் திடீரெனக் காலூன்ற நேரும்போது அச்சரிவு செய்யும் உபகாரத்தை ஓட்டியவரே அறிவர்.

கேரியர் பூட்டப் பிரேமில் துளைகள் இருந்தன, ஒன்று உடைந்திருந்தது. காடாம்புலியூர்ச் சாலையில் கியாஸ் வெல்டிங் செய்பவர் ஒருவரிடம் கொண்டுசென்று, உடைந்த இடத்தில் சிறு எஃகுத் துண்டொன்றை வைத்துப் பித்தளையாற் பற்றவைத்துக்கொண்டேன். கால் மணி நேர வேலை. கேரியர் உட்பட 400 ரூபாய். எஃகைத் தேர்ந்ததன் பலனை வண்டி ஓடுமுன்னரே கண்டேன். பெயிண்டுக்கு 200.

பெயிண்டு குழாயின் வெளிப்புறத்தைக் காக்கும். உட்புறத்தை யார் காப்பது? தந்தையார், முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெயை ஊற்றலாமே, படகுக்குப் பூசுகிறார்களே என்றார். அவ்வெண்ணெய் தோலிற் பட்டாற் கொப்புளிக்கும். பாய் கையெடுத்துக் கும்பிட்டார். சைக்கிள் கட்டுவோரின் பழைய முறைப்படி ஆளிவிதை எண்ணெயை ஊற்றினோம். அது காற்றிற் காய்ந்து மெல்லிய தோலாகப் படியும் இயல்புடையது. எல்லாத் துளைகளையும் துணியால் அடைத்து, பிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, மிகுந்ததை வடித்து, வீட்டின் பின்னுள்ள பலாமரத்தில் மூன்று நாள் தொங்கவிட்டோம்.

செலவு 7,200 ரூபாய். எஞ்சிய 300-ல் எண்ணெயும், ஒரு விளக்கும் வாங்கினேன். மாசி பிறந்த மூன்றாம் நாளே இரவில் தோப்புக்குச் சென்றேன். அப்பருவத்தில் ரயில் தவறியது இரண்டு நாள். இரண்டு நாளும் ரயில் கேட்டில் நின்றமையால். வருகை நூற்றுக்கு 83, பரீட்சையும் எழுதினேன். தோப்பு குத்தகைக்குப் போகவில்லை. கன்றுக் கடனில் எஞ்சியதை வைகாசியில் தந்தையார் கட்டினார். இப்பொழுது முதுகலை வகுப்பில் முதலாண்டு படிக்கிறேன். வண்டியும் மூன்றாம் விளைவுகாலத்துக்குத் தயாராகிறது. இதுவரை மாற்றியது பின் டயர் ஒன்று, பிரேக் கட்டை இரண்டு சோடி. சென்ற ஐப்பசியில் மழைக்கு முன் ஆளிவிதை எண்ணெயை மறுபடி ஊற்றினேன். வண்டியைப் பார்க்க விரும்புவோர் திங்கள், புதன் கிழமைகளில் மாலை நான்கு மணிக்குமேல் சைக்கிள் கொட்டகையின் கோடியில் காணலாம். அரக்குநிறம், மணி கிடையாது. பிரேம் வாங்க நெய்வேலி செல்வோர் ஒரு நூலும் ஓர் அளவுகோலும் எடுத்துச் செல்க.